நான்கு பேர் பேசிய ஆங்கிலம்

மேல் டிவிஷன் லயம், மூணாறு
19-1-2025, ஞாயிறு

அன்பு மகள் செல்வலட்சுமிக்குப் பெரியப்பா பாண்டித்துரை எழுதுவது.

இந்தக் கையெழுத்தைப் பார்த்து நீ முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. ஒரு எழுத்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அடுத்தது எறும்பு மாதிரி ஒடுங்குகிறது. அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் புடைப்பு தெரியும். தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பிடித்த கை இது. பேனா இதற்கு ரொம்ப மெலிது. மன்னித்துக்கொள்.

நான் எழுத உட்கார்ந்தபோது உன் பெரியம்மா உலை வைத்தாள். இப்போது சோறு வடிக்கிறாள். "இந்த நாலு வரிக்கு இவ்வளவு நேரமா? இந்நேரம் நான் ஒரு சாக்குக் கொழுந்து எடுத்திருப்பேன்" என்கிறாள். "நீ எடுத்த கொழுந்தெல்லாம் யாரோ குடிச்சிட்டுப் போயிட்டான். இது நிக்கும்" என்றேன். சாந்தம்மாளிடம் நான் ஜெயித்த பேச்சு இது ஒன்றுதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு சாட்சரதா எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன் அல்லவா? லேபர் கிளப்பில் ஞாயிறு மதியம் நடக்கிறது. போன மாதம் தமிழ்ப் பாடம் ஒரு சுற்று முடிந்தது. முருகேஸ்வரி டீச்சர், "பயிற்சிக்குன்னு எழுதாதீங்க. நிஜமாவே ஒருத்தருக்குக் கடுதாசி போடுங்க, பதில் வாங்குங்க" என்றார். மற்றவர்கள் மகனுக்கு எழுதுகிறார்கள். என் மகன் ராஜசேகர் இதே வீட்டில் இருக்கிறான். அதனால் தம்பி மகளான உனக்கு எழுதுகிறேன்.

மூணாறு பஜாரில் பாதிப் பலகை மலையாளம், பாதி ஆங்கிலம். நடுவில் கொஞ்சம் தமிழ் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் முழுவதும் இப்போது என்னுடையது. முன்னால் போகும் ஜீப்பின் முதுகில் எழுதியிருப்பதைக்கூட விடுவதில்லை. ராஜசேகர் தன் டூரிஸ்ட் ஜீப்பை அவசரமாக ஓட்டினால் படிப்பு பாதியில் அறுந்துவிடுகிறது.

உன் அப்பன் செல்லத்துரை ஒன்று சொன்னான். உங்கள் காலேஜில் எல்லாரும் போனை வைத்து ஆங்கிலம் படிக்கிறீர்களாம். போன் கேள்வி கேட்குமாம், நீ பேசினால் சரியா தப்பா என்று சொல்லுமாம். நிஜமா? அப்படியென்றால் வாத்தியார் எதற்கு? பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறதா?

போனில் பதில் சொல்லாதே. எழுது. நான் படிக்க வேண்டும்.

பெரியப்பா
பாண்டித்துரை

*

பெண்கள் விடுதி, வேலந்தாவளம் சாலை
26-1-2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதி வார்டன் கொடுத்தபோது கோர்ட் நோட்டீஸோ என்று நினைத்தேன். எனக்கு யாரும் தபாலில் எழுதியதே இல்லை. அறையில் நாங்கள் நான்கு பேர். எல்லாரும் தாளைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்கள். கோமதி என்று ஒரு பெண், இந்த ஊர்ப் பக்கம்தான், அவள் அப்பா வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு வாரம் தவறாமல் வருகிறவர். "எங்கூட்டுல எங்கப்பாரு கையெழுத்துப் போடறதுக்கே சலிச்சுக்குவாரு. உங்க பெரியப்பாரு ரெண்டு பக்கம் எழுதிப்போட்டாருங்கறே" என்றாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். காலேஜில் ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிக் கணக்கு. அதில் வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், கேட்டுப் பேச வேண்டும். புள்ளிகள் ஏறும். ஒரு மாதத்தில் குறிப்பிட்ட அளவு தாண்டினால் அந்த மாத வகுப்புத் தேர்வு எழுத வேண்டாம்.

பிடித்திருக்கிறதா என்று எங்கள் ஆங்கில ஆசிரியர் ஜோமோன் சாரும் கேட்டார். தொழில்நுட்பத்தின் மூலம் ஆங்கிலம் கற்பதைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர் ஆராய்ச்சி செய்கிறார். கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார். பின் பெஞ்சில் ஜெகன் என்று ஒருவன், போன் படம் பார்ப்பதற்கு, பாடம் படிப்பதற்கு இல்லை என்று எழுதினானாம். ஆனாலும் விடாமல் செய்கிறான். ஒருத்தி, கண் வலிக்கிறது என்று எழுதினாள். நான் எழுதியது: போன் சிரிப்பதில்லை. அது உண்மை. இங்கே பாதிப் பேர் மலையாள மீடியம், பாதிப் பேர் ஆங்கில மீடியம். வகுப்பில் நான் வாயைத் திறந்தால் முதல் வரிசையில் தோள்கள் குலுங்கும். போனுக்குத் தோள் கிடையாது.

இன்னொரு செய்தி. ஜனவரி மாதப் பட்டியலில் இதுவரை என் பெயர்தான் முதலில் இருக்கிறது. பிப்ரவரி 21 அன்று ஆப் செய்த கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கல்லூரி முழுவதும் உட்கார்ந்திருக்க, மேடையில் அவர்கள் என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார்களாம்.

இதை இப்போதைக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பெரியப்பா. யாரிடமுமே வேண்டாம்.

அன்புடன்
செல்வலட்சுமி

*

மேல் டிவிஷன் லயம்
2-2-2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆனால் சந்தோஷமான தப்பு.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதில் வந்தால் பிரிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. இரண்டு நாள் பொறுத்தேன். சாந்தம்மாள் ஒட்டின இடத்தை நகத்தால் நோண்டிப் பார்த்தாள், நான் விடவில்லை. இன்று கிளப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று படித்தேன்.

எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வராது. வாய்விட்டுச் சொன்னால்தான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியும். பட்டியலில் நீ முதல் என்று படித்தேன், கை தட்டினார்கள். மேடை என்று படித்தேன், மறுபடி தட்டினார்கள். அதற்கு அடுத்த வரி 'இதை இப்போதைக்கு' என்று தொடங்கியது. அதையும் சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் அது என்ன வரி என்று புரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஏண்ணே, என்கிட்ட சொல்லக் கூடாதுன்னா எழுதிருக்கா?" என்றான்.

"கடைசியில சொல்லி அசத்தணும்னு நெனச்சிருப்பா" என்று டீச்சர்தான் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. கிளப்பில் இருந்த எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான். மேடை ஏறும் மகளைப் பார்க்கச் சாயங்காலமே மூணாறு பஜாரில் ஒரு சட்டை எடுத்துவிட்டான், மயில் நீலம். 21-ஆம் தேதி ராஜசேகரின் ஜீப்பில் அவன், உன் அம்மா, நான், பெரியம்மா எல்லாரும் வருகிறோம். இடம் இருந்தால் முருகேஸ்வரி டீச்சரும். விடிவதற்கு முன்பே புறப்பட்டால்தான் சரியாக இருக்கும் என்கிறான் ராஜசேகர்.

நீ சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. படிக்கத் தெரிந்தவனாக இருந்தால் நடந்திருக்காது. படிக்கத் தெரியாதவனாக இருந்தாலும் நடந்திருக்காது. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

பெரியப்பா

*

பெண்கள் விடுதி
9-2-2025

பெரியப்பா, இந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்காதீர்கள். யாரும் இல்லாத இடத்துக்குப் போய் மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள்.

அந்தப் புள்ளிகள் என்னுடையவை இல்லை. முழுவதும் இல்லை.

எங்கள் அறையில் அந்த ஆப் நின்று நின்று போகாமல் ஓடுவது கோமதியின் போனில் மட்டும்தான். விடுதியில் போன் தருவது சாயங்காலம் கொஞ்ச நேரம். அதற்குள் நான்கு பேரும் மாறி மாறித் தங்கள் கணக்கைத் திறந்தால் ஒருத்திக்கும் புள்ளி தேறாது. அப்போது நான்தான் ஒரு வழி சொன்னேன். அம்மாவும் பக்கத்து லயத்து வீட்டுப் பெண்களும் செய்வார்களே, இலை வரத்துக் குறைந்த காலத்தில் ஆளாளுக்கு எடுத்த கொழுந்தை ஒரே சாக்கில் கொட்டி ஒருத்தி பெயரில் எடை போடுவது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் கூடுதல் கிலோவுக்கான காசை அந்த வாரம் அவள் எடுப்பாள், அடுத்த வாரம் அடுத்தவள். அதைத்தான் சொன்னேன். ஜனவரி என் பெயரில், பிப்ரவரி கோமதி பெயரில், அப்படியே மற்ற இருவர் பெயரில். ஆளுக்கு ஒரு மாதம் தேர்வு இல்லாமல் போகும். எல்லாருக்கும் சரி என்று பட்டது.

வாசிப்பும் எழுத்தும் நான் செய்தேன். இலக்கணம் மற்ற இருவர். பேச்சு முழுவதும் கோமதி. அவள் மாடு விலை பேசுகிற மாதிரி அந்தப் போனோடு ஆங்கிலம் பேசுவாள், தப்பானாலும் நிறுத்த மாட்டாள். நான் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. போன் சிரிக்காது என்று எழுதினேன் அல்லவா, அந்தப் போனிடம்கூட நான் பேசவில்லை.

மேடை என்று வரும் என யாருக்குத் தெரியும்?

அதைவிட மோசமானது இன்னொன்று. மற்ற மூன்று பேர் கணக்கிலும் ஜனவரியில் பூஜ்யம். ஜோமோன் சார் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார், தொழில்நுட்பத்தை விரும்பும் மாணவி நான், கேள்வித்தாளையும் நிரப்பாமல் கொடுத்ததால் வெறுக்கும் மாணவி கோமதி. பெயர் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கோமதியின் அப்பா அம்மாவை 20-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி அவள் மாதம். அவள் ஆப்பைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள்.

"நீ ஒண்ணும் சொல்லிப்போடாதே புள்ள. சொன்னா நாலு பேருத்துக்கும் பூஜ்யம். எங்கப்பாரு வந்தா நான் பாத்துக்கறேன்" என்கிறாள். ஆனால் அவள் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

நான் மேடை ஏறினால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வேன், அப்பாவின் கண் முன்னால். ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

செல்வலட்சுமி

*

மேல் டிவிஷன் லயம்
13-2-2025, வியாழன்

அன்பு மகளுக்கு,

நீ சொன்னபடி கேரட் தோட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன். பாதியில் சாந்தம்மாள் வந்துவிட்டாள். "தனியா உக்காந்து யார்கூட பேசுதீங்க?" என்றாள். அவளிடம் மறைக்க என்னால் முடியாது. முதலிலிருந்து மறுபடி படித்தேன். உன் அப்பனுக்குத் தெரியாது. நாங்கள் இருவர்தான்.

எனக்கு இதில் வழி சொல்லத் தெரியவில்லை மகளே. அந்த ஆப் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஃபேக்டரிக்குள் இருந்தவன், கொழுந்து எடை போடுகிற இடமும் எனக்குப் புதிதுதான். அதனால் உன் பெரியம்மா சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் அவள், "ஏறிட்டுப் போகட்டும். என்ன கேட்டாலும் யெஸ்ஸுன்னு சொல்லட்டும். டூரிஸ்டுகிட்ட உங்க மகன் அதத்தான் செய்யுதான்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் களை பிடுங்கினாள். அப்புறம், "அந்தக் கோமதிப் புள்ளையோட அப்பனாத்தாளையா வரச் சொல்லிருக்காக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நாங்க சாக்கு சேத்தா கங்காணிக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிப்பாரு. இன்னைக்கு சும்மா வந்தவள யாரும் சோம்பேறின்னு சொல்ல மாட்டாக. இங்க அந்த வாத்தியாருக்குத் தெரியாதுல்ல. அப்ப அந்தப் புள்ள வெறுங்கையோட நிக்கா" என்றாள். கேரட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜீப் விஷயம். நீ வா என்றால் வருவோம், வேண்டாம் என்றால் நின்றுவிடுவோம். ராஜசேகருக்கு ஒரு வார்த்தை போனில் சொன்னால் போதும். காரணத்தை நீ சொல்ல வேண்டாம். உன் அப்பன் கத்தினால் என்னிடம் கத்தட்டும். சத்தமாகப் படித்தவன் நான்தானே.

இதை ராஜசேகர் நாளைக் காலை தபால் ஆபீசில் போடுவான். சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். சின்ன எழுத்து வேகமாகப் போகாது என்று சாந்தம்மாள் சிரிக்கிறாள்.

பெரியப்பா

*

பெண்கள் விடுதி
23-2-2025

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

சொல்லிவிட்டேன்.

19-ஆம் தேதி சாரின் அறைக்குப் போனேன். கோமதி வாசல் வரை வந்தாள். "லூசு, இன்னும் ரெண்டு நாளு கம்முனு இருந்தா முடிஞ்சு போயிருமே" என்றாள். ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

உள்ளே துறைத் தலைவர் மேடமும் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மலையாளம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். நான் தமிழில் தொடங்கியதும் சார் நிறுத்தி, மேடத்துக்கும் புரிய வேண்டும், நீதான் பட்டியலில் முதல் ஆளாயிற்றே, ஆங்கிலத்தில் சொல் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னார்.

முதல் வாக்கியம் சொன்னேன், அந்தப் புள்ளிகள் என்னுடையவை அல்ல என்று. இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டேன். வார்த்தை வரவில்லை. ஆப்பில் பேசாமல் இருந்தால் ஒரு வட்டம் சுற்றும், பிறகு அதுவே அடுத்த கேள்விக்குப் போய்விடும். கோமதி தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் போய்விடும். சார் போகவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சார் கையைக் காட்டினார். வெளியே வராந்தாவில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போனார்கள், அந்தச் சத்தம் முழுவதும் போய் முடிந்தது. அப்போதுதான் அடுத்த வார்த்தை வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்து, சாக்கு, போன், கோமதி. நிறையத் தப்பாகச் சொன்னேன். சாக்குக்கு ஆங்கில வார்த்தை தெரியாமல் கையால் காட்டினேன். மேடம் சிரித்தார். நான் நிறுத்தவில்லை.

சார் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்து பேச்சுப் பதிவுகளைப் போட்டார். எல்லாம் கோமதியின் குரல். நடுவில் நாங்கள் பின்னால் சிரிப்பதும், சோறு ஆறுகிறது வாங்கடி என்று யாரோ கூப்பிடுவதும்கூட இருந்தது. அவர் வெகுநேரம் கேட்டார். "இது எல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள் புள்ளியை மட்டும் பார்த்தோம், ஒருவரும் கேட்கவில்லை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆனால் விட்டுவிடவில்லை. என் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டார்கள். நால்வரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், விட்டுப்போன தேர்வையும் எழுத வேண்டும். மேடையில் ஜெகன் பேசினான். நன்றாகவே பேசினான். கோமதியின் வீட்டாரை வர வேண்டாம் என்று சார் தானே போன் செய்து சொன்னார். போனில் அவள் அப்பாவிடம், உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள் என்றாராம். "என்னங் சார், அது ஊட்டுலயும் அப்படித்தானுங்" என்றாராம் அவர்.

கோமதி நான்கு நாள் பேசவில்லை. இன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊறுகாய் இருக்கா என்றாள்.

சார் அந்தக் கேள்வித்தாளை மறுபடி கொடுத்தார். போன் சிரிப்பதில்லை என்பதை அப்படியே விட்டேன். அதற்குக் கீழே, அது காத்திருப்பதும் இல்லை என்று எழுதினேன்.

அப்பாதான் பாக்கி. ஜீப் வர வேண்டாம் என்று ராஜசேகர் அண்ணனிடம் சொன்னதோடு சரி. அப்பா மூன்று தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள், பெரியப்பா. என் வாயால் சொல்ல இன்னொரு தடவை தைரியம் இல்லை.

செல்வலட்சுமி

*

மேல் டிவிஷன் லயம்
2-3-2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நேற்று உன் அப்பனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஜீப் நின்றதிலிருந்து அவன் எங்கள் பக்கம் வரவில்லை. அவன் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் யாரோ, "மேடை என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறான். வந்ததும், "நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டா. என்னன்னு சொல்லவும் மாட்டேங்கா" என்றான். நான் உன் கடிதங்களை எடுத்தேன்.

"குடு, நானே படிச்சிக்கிடுதேன்" என்று கையை நீட்டினான். அவன் எட்டாவது வரை போனவன். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். "எனக்கு வந்த கடுதாசி. நான்தான் படிப்பேன்" என்றேன்.

படித்தேன். முதல் கடிதத்திலிருந்து, ஒன்றும் விடாமல். 'பூஜ்யம்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அப்படி 'ஜ்'ஜும் 'ய'வும் ஒட்டி வரும் வார்த்தை எங்கள் புத்தகத்தில் கடைசிப் பக்கம்தான் வரும். அவனுக்கு அந்த வார்த்தை தெரியும், எட்டிப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சொல்லவில்லை. முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாந்தம்மாள் வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நானாக அந்த வார்த்தையை எட்டும் வரை அவன் அசையவில்லை. வார்டன், வராந்தா, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருந்தான். வெளியே ஆட்கள் வேலை முடிந்து போனார்கள், ஒருவன் இவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், இவன் திரும்பவில்லை.

முடித்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவன் ஆறின டீயைக் குடித்தான்.

"அந்த வாத்தியார் திட்டலியா?" என்றான்.

"இல்லேன்னுதான் எழுதிருக்கா."

"இங்கிலீஷ்லயா சொன்னா? எல்லாத்தையும்?"

"சாக்க மட்டும் கையால காட்டிருக்கா."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சட்டை எடுத்தது எடுத்ததுதான். அடுத்த மாசம் லீவு போட்டு சும்மா போயி அவளப் பாத்துட்டு வருவோம். மேடையெல்லாம் எதுக்கு" என்றான். இன்று உனக்குப் போன் செய்வான். எடு. அதிகம் பேச மாட்டான், நீயே பேச வேண்டியிருக்கும்.

அந்த அறையில் நீ ஆங்கிலத்தில் என்ன சொன்னாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். முதல் வாக்கியத்தையாவது தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. நானும் அதைப் படித்துப் பார்க்கிறேன்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரமும் நான் எழுதுவேன். உன் அப்பன் அதில் தானும் இரண்டு வரி சேர்ப்பதாகச் சொல்கிறான். அவனுக்குத்தான் எழுதத் தெரியுமே, தனித் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். என் கடிதத்தில் என் எழுத்து மட்டும்தான் இருக்கும்.

பெரியப்பா
பாண்டித்துரை